டிஒய்1, டிஒய்3, டிஒய்5, டிஎஃப்1: தாவும் துண்டு இடம் பிடிப்பதை ஆராய எதை எடுத்துக்கொள்வது?

ஈஸ்ட் செல்லுக்குள் தாவும் ரெட்ரோடிரான்ஸ்போசான்களைப் படிக்கத் தொடங்குபவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "இவை ஜீனோமில் எங்கே போய் உட்கார்வது என்பதை எப்படித் தீர்மானிக்கின்றன என்று பார்க்க ஆசை. ஆனால் டிஒய்1, டிஒய்3, டிஒய்5, டிஎஃப்1 என்று நான்கு இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?"

கேட்பவர் பெரும்பாலும் பாதி முடிவை ஏற்கெனவே எடுத்திருப்பார். ஆய்வகக் குளிர்பெட்டியில் எந்தப் பிளாஸ்மிட் இருக்கிறதோ அது, அல்லது எதைப் பற்றி அதிகக் கட்டுரைகள் வந்திருக்கின்றனவோ அது. இரண்டும் நியாயமான காரணங்கள்தான், ஆனால் போதாது. நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்று: துண்டை அந்த இடத்துக்குக் கூட்டிப்போகும் பிடியை அறுத்துவிட்டால், செல் உயிரோடு இருக்குமா? துண்டு அப்போதும் தாவுமா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வருகிற அமைப்பில்தான் இடத் தேர்வைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

ஒப்பிடுவதற்கு முன் சில அடிப்படைகள். ரெட்ரோடிரான்ஸ்போசான் தன்னை ஆர்என்ஏவாகப் படியெடுத்து, அதைத் திரும்ப டிஎன்ஏவாக எழுதி, இன்டகிரேஸ் என்ற நொதியைக் கொண்டு ஜீனோமின் புதிய இடத்தில் செருகிக்கொள்கிறது. ஆர்என்ஏ வழியாகத்தான் இந்தப் பயணம் நடக்கிறது என்பதை 1985இல் டிஒய்1ஐ வைத்தே நிரூபித்தார்கள். துண்டுக்குள் ஓர் இன்ட்ரானை வைத்து அனுப்பினார்கள். புதிய இடத்தில் வந்து உட்கார்ந்த படியில் அந்த இன்ட்ரான் இல்லை. ஆர்என்ஏ நிலையில் மட்டுமே அதை வெட்டி எடுத்திருக்க முடியும். இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு பெரிய கேள்வியை முடித்துவைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை.

ரொட்டி ஈஸ்டின் ஜீனோமில் சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்து இணைகள், ஏறத்தாழ 6000 மரபணுக்கள். மொத்த நீளத்தில் 70% அளவுக்குப் புரதத்துக்கான வரிசையே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தால் பத்தில் ஏழு தடவை ஏதோ ஒரு மரபணுவின் நடுவில்தான் போய் விழ வேண்டும். செல் செத்தால் துண்டும் சாகும். ஆகவே இங்கே நிலைத்திருக்கும் துண்டுகள் ஒவ்வொன்றும் ஆபத்தில்லாத இடத்தைத் தேடிக்கொள்ளும் வழியொன்றைக் கண்டுபிடித்திருக்கின்றன. டிஎன்ஏ எழுத்துகளைப் படித்து இடம் பிடிப்பது மிகக் குறைவு. அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் செல்லின் புரதம் ஒன்றை இன்டகிரேஸ் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே துண்டும் சேர்ந்துவிடுகிறது. எச்ஐவி நம் செல்களில் செய்வதும் இதே வேலைதான், பிடித்துக்கொள்ளும் புரதம் மட்டும் வேறு. ஈஸ்டில் இதைப் படிப்பதன் பயன் ஈஸ்டோடு நின்றுவிடவில்லை என்று சொல்வது இதனால்தான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

அறுத்துப் பார்க்க முடிகிறதா. மேலே சொன்னதுதான். எனக்கு இதுவே முதல் அளவுகோல்.

எவ்வளவு கூர்மையாக இடம் பிடிக்கிறது. ஓரிரு எழுத்துத் துல்லியமா, சில நூறு எழுத்து அகலமுள்ள பரப்பா? கூர்மையானது அழகாகத் தெரியும். ஆனால் அகலமான பரப்பில்தான் நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி டிஎன்ஏ உருண்ட கட்டு) போன்ற மற்ற சக்திகளின் கைவண்ணம் வெளிப்படும்.

பிழைத்தவை மட்டும் கண்ணில் படுகின்றனவா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையே ஒரு காலத்தில் இதில் தடுக்கி விழுந்தது. 1980களில் டிஒய்1 எங்கே செருகுகிறது என்று பார்க்க, ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டுப்போன செல்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அந்த மரபணுவுக்குள்ளும், அதன் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரோமோட்டர் பக்கமும் செருகல்கள் கிடைத்தன. அதை வைத்து, டிஒய்1 சாதாரண மரபணுக்களின் தலைப்பகுதியை விரும்புகிறது என்று நினைக்க இடமிருந்தது. 1993இல் எந்தத் தேர்வும் வைக்காமல், மூன்றாம் குரோமோசோமில் வந்து விழுந்தவற்றை எல்லாம் வரைபடமாக்கியபோது படமே மாறிப்போனது. செருகல்கள் டிஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் சிறு ஆர்என்ஏ) மரபணுக்களின் அருகிலும், பழைய துண்டுகளின் எச்சங்கள் அருகிலும் குவிந்திருந்தன. முதலில் பார்த்தவர்கள் தப்பாக எண்ணவில்லை. அவர்கள் வலையில் மாட்டியதை எண்ணினார்கள், வலை எப்படிப்பட்டது என்பது பிறகுதான் புரிந்தது. இன்றைக்கும் குரோமோசோம்கள் ஒவ்வொன்றும் ஒரே படியாக இருக்கும் (ஹாப்ளாய்டு) செல்லில் இன்றியமையாத மரபணுவுக்குள் விழுந்த செருகல் எதுவும் உங்கள் பட்டியலில் வராது. அது அங்கே போகவில்லையா, போய்ச் செத்ததா என்று பட்டியல் சொல்லாது.

வாசித்து இடம் குறிக்க முடிகிறதா. வரிசைப்படுத்தும் கருவி தரும் துணுக்கு, ஜீனோமில் பத்து இடங்களில் ஒரே மாதிரி இருந்தால், செருகல் எங்கே என்று சொல்ல முடியாது. ஜீனோமில் அதே குடும்பத்துத் துண்டுகள் முன்பே இருந்தால், பழையது எது, புதியது எது என்ற குழப்பமும் சேரும்.

பின்வாசல் எவ்வளவு பெரிது. துண்டின் டிஎன்ஏ படி இன்டகிரேஸ் இல்லாமலும் ஜீனோமுக்குள் நுழையலாம்: ஒத்த வரிசை இருக்கும் இடத்தில் மறுசேர்க்கை மூலம். இடத் தேர்வைப் படிப்பவருக்கு இது வெறும் இரைச்சல்.

## டிஒய்1

ரொட்டி ஈஸ்டில் மிக அதிகம் இருப்பது இதுதான். வழக்கமான ஆய்வக இனத்தில் முழு நீளப் படிகள் முப்பதுக்கு மேல், ஒவ்வொன்றும் சுமார் 5.9 கிலோ இணை நீளம். புதிய செருகல்களில் மிகப் பெரும்பகுதி, மூன்றாம் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற படியெடுக்கும் நொதி படிக்கும் மரபணுக்களின் மேற்பக்கத்தில் (படியெடுப்புத் தொடங்குவதற்கு முன்னுள்ள பகுதியில்), ஏறக்குறைய ஒரு கிலோ இணைக்குள் விழுகிறது. அந்த வகை மரபணுக்களில் டிஆர்என்ஏ மரபணுக்கள்தான் அதிகம். ஜீனோம் முழுக்க 275 இருக்கின்றன. அந்த ஒரு கிலோ இணைக்குள்ளும் செருகல்கள் சீராகப் பரவவில்லை. சுமார் 80 இணைக்கு ஒரு முறை மேடு, இடையில் பள்ளம் என்று அலையடிக்கிறது. 2012இல் ஜீனோம் முழுவதையும் வரைபடமாக்கியபோது காரணம் தெளிவானது: நியூக்ளியோசோமின் மேற்பரப்பில், எச்2ஏ, எச்2பி ஹிஸ்டோன்கள் சேரும் பக்கத்தில்தான் டிஒய்1 நுழைகிறது.

ஆக, டிஒய்1இன் இடத் தேர்வு இரண்டு அடுக்கானது. எந்த மரபணுவின் அருகில் என்பதை ஒன்று முடிவு செய்கிறது. அங்கே போன பிறகு சரியாக எந்த எழுத்தில் என்பதை நியூக்ளியோசோம் முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே சோதனையில் பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

முதல் அடுக்கின் ரகசியம் 2015இல் வெளியானது. பாரிஸில் பாஸ்கல் லெசாஜின் குழு, டிஒய்1 இன்டகிரேஸ் மூன்றாம் பாலிமரேஸின் ஏசி40 என்ற உறுப்பைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டியது. ஏசி40 இல்லாமல் செல் வாழாது, அதனால் நீக்கிப் பார்க்க வழியில்லை. அவர்கள் செய்தது வேறு. பிளவு ஈஸ்ட் என்ற வேறோர் ஈஸ்ட் இனத்திலிருந்து அதே வேலையைச் செய்யும் புரதத்தை எடுத்து வந்து மாற்றி வைத்தார்கள். பாலிமரேஸ் வேலை செய்தது, செல் வளர்ந்தது. இன்டகிரேஸால் மட்டும் அதைப் பிடிக்க முடியவில்லை. டிஒய்1 தாவுவது குறையவில்லை. ஆனால் டிஆர்என்ஏ மரபணுக்களை விட்டுவிட்டு, குரோமோசோம்களின் முனைகளை ஒட்டிய பகுதிகளுக்குப் போய்க் குவிந்தது.

இந்தத் துறையில் மிகச் சுத்தமான அறுப்புச் சோதனையைக் காட்டச் சொன்னால் இதைத்தான் நான் காட்டுவேன். பிடி போனது, தாவுதல் போகவில்லை, செல்லும் போகவில்லை. இடத் தேர்வும் தாவும் திறனும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 2020இல் இன்டகிரேஸ் பக்கத்தில் எந்தச் சிறு வரிசை இந்தப் பிடியைத் தருகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். அதை டிஒய்5இல் பொருத்தியதும் டிஒய்5உம் டிஆர்என்ஏ மரபணுக்களைத் தேடிப் போனது.

இனி, கண்ணில் படாத செலவுகள்.

முதலாவது, மிக அரிதாகத் தாவும். இயற்கையான அளவில் ஒரு தலைமுறைக்கு ஒரு துண்டு தாவும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றிலிருந்து கோடியில் ஒன்று வரை. வழக்கமாக ஈஸ்டை வளர்க்கும் 30 டிகிரியில் இது இன்னும் மோசம். 20 முதல் 22 டிகிரிதான் இதற்குப் பிடித்தது. அந்த வெப்பத்தில் செல் மெதுவாக வளரும். ஆகவே ஒவ்வொரு சோதனையும் நாள்கணக்கில் நீளும், திட்டமிடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது, ஜீனோமில் ஏற்கெனவே இருக்கும் முப்பது சொச்சம் படிகளும், அவை விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான முனை எச்சங்களும். அவை கிடப்பதும் இதே டிஆர்என்ஏ மரபணுக்களின் மேற்பக்கத்தில்தான். புதிய செருகல் பழைய எச்சத்துக்குள்ளேயே விழுவது சாதாரணம். துண்டின் முனையில் ஓர் அடையாள வரிசையைச் செருகி வைக்காமல் வரைபடமாக்கத் தொடங்காதீர்கள்.

மூன்றாவது, பின்வாசல். தாவலைக் கண்டறிய எல்லோரும் பயன்படுத்துவது, தலைகீழாக வைத்த இன்ட்ரானோடு கூடிய ஹிஸ்3 அடையாள மரபணு. ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் காலனி வந்தால் டிஒய்1 ஆர்என்ஏ வழியாகச் சுற்றி வந்துவிட்டது என்று அர்த்தம். அற்புதமான கருவி, 1991 முதல் இந்தத் துறையைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்தப் படி இன்டகிரேஸ் மூலம் நுழைந்ததா, பழைய படியோடு மறுசேர்க்கை செய்து நுழைந்ததா என்று காலனி சொல்லாது.

## டிஒய்3

கூர்மை மட்டுமே வேண்டும் என்றால் இங்கே வந்து நின்றுவிடலாம். மூன்றாம் பாலிமரேஸ் படியெடுக்கத் தொடங்கும் புள்ளியிலிருந்து ஒன்று முதல் நான்கு எழுத்துக்குள் வந்து உட்கார்கிறது. இந்த நான்கில் வேறு எதற்கும் இத்தனை துல்லியம் இல்லை.

கூட்டிப்போவது, மூன்றாம் பாலிமரேஸின் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதக் காரணியான டிஎஃப்3பி. (பெயர் ஒலிப்பில் டிஎஃப்1 என்ற துண்டோடு குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை.) சுசான் சாண்ட்மயரின் குழு 1995இல் இதைச் சோதனைக்குழாயில் செய்துகாட்டியது. செல்லிலிருந்து பிரித்தெடுத்த காரணிகளை டிஆர்என்ஏ மரபணுவோடு கலந்து, டிஒய்3இன் வைரஸ் போன்ற துகள்களைச் சேர்த்தால், செருகல் அதே இடத்தில் நடக்கிறது. 2000இல் இன்னும் ஒரு படி போனார்கள். மூன்றாம் பாலிமரேஸ் படிக்கும் யு6 மரபணுவின் மேல், டிஎஃப்3பியின் உறுப்புகளான பிஆர்எஃப்1, டாட்டா பெட்டியைப் பிடிக்கும் புரதம் ஆகிய இரண்டு மட்டும் இருந்தாலே போதும் என்று காட்டினார்கள். 2021இல் இன்டகிரேஸும் டிஎஃப்3பியும் டிஎன்ஏவைக் கவ்விக்கொண்டிருக்கும் முப்பரிமாண அமைப்பே கிடைத்துவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்றாம் பாலிமரேஸ் டிஒய்3க்கு உதவுவதில்லை, தடையாகத்தான் நிற்கிறது. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. டிஒய்1 பாலிமரேஸையே கைத்தடியாகப் பிடிக்கிறது, டிஒய்3 பாலிமரேஸ் வருவதற்கு முன்பே இடம் பிடிக்கிறது. ஒரே டிஆர்என்ஏ மரபணுவின் வாசலில் இரண்டு வேறு உத்திகள்.

அறுத்துப் பார்ப்பதில்தான் சிக்கல். டிஎஃப்3பியின் உறுப்புகள் எல்லாம் உயிர்வாழ இன்றியமையாதவை, அவற்றில் கை வைத்தால் டிஆர்என்ஏ உற்பத்தியே ஆட்டம் காணும். செல் நோய்ப்பட்டதால் தாவவில்லையா, பிடி போனதால் தாவவில்லையா என்று பிரிப்பது கடினம். ஆனால் சோதனைக்குழாயில் இந்தப் பிரச்சினை இல்லை. காரணிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் விட்டுப் பார்க்கலாம். உயிருள்ள செல்லில் செய்ய முடியாததை இங்கே குழாயில் செய்யலாம் என்பதுதான் டிஒய்3இன் உண்மையான பலம். டிஒய்1 துகள்களை வெறும் டிஎன்ஏவோடு கலந்தால் அவை எங்கும் பரவலாகச் செருகும், இடத் தேர்வு காணாமல் போய்விடும். டிஒய்3இல் தேர்வைக் குழாய்க்குள்ளேயே திரும்பக் கட்டியெழுப்ப முடிகிறது.

செலவுகள்: ஆய்வக இனத்தில் இரண்டே படிகள், இயல்பான நிலையில் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். இனச்சேர்க்கை ஃபெரோமோன் வந்தால்தான் படியெடுப்பு எழும். அதனால் பெரும்பாலோர் காலக்டோஸ் புரோமோட்டர் மாட்டி வலுக்கட்டாயமாக எழுப்புகிறார்கள். அப்படி எழுப்பிய அளவு இயற்கையானதில்லை என்பதை எழுதும்போது மறக்கக் கூடாது. அப்புறம் வாசிப்பில் ஒரு பொறி. டிஒய்3 இரு திசையிலும் செருகும். ஒரு முனையிலிருந்து மட்டும் வாசித்தால் பாதித் துணுக்குகள் டிஆர்என்ஏ மரபணுவுக்குள் நுழையும், அந்த வரிசையோ ஒரே குடும்பத்துப் பல மரபணுக்களில் ஒன்றுபோலவே இருக்கும். டிஆர்என்ஏ மரபணுவைத் தாண்டி மறுபுறம் எட்டும் அளவுக்கு நீளமாக வாசியுங்கள், அல்லது இரண்டு முனையிலிருந்தும் வாசியுங்கள்.

## டிஒய்5

ரொட்டி ஈஸ்டில் இருக்கும் டிஒய்5 பழுதடைந்தது. வேலை செய்யும் படி, அதன் நெருங்கிய உறவான சாக்கரோமைசிஸ் பாரடாக்ஸஸிலிருந்து கிடைத்தது. அதைக் கொண்டுவந்து ரொட்டி ஈஸ்டில் ஓடவிட்டால், டிஆர்என்ஏ மரபணுக்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. டெலோமியர்களின் (குரோமோசோம் முனைகளின்) அருகிலும், ஈஸ்டின் பால்வகையை மறைத்து வைக்கும் எச்எம்எல், எச்எம்ஆர் என்ற அடங்கிய இடங்களிலும் போய் உட்கார்கிறது. அதாவது மரபணுக்கள் பேசாத, இறுகிய குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த கட்டு).

கூட்டிப்போவது சர்4 என்ற புரதம். இன்டகிரேஸின் வால் பகுதியில் உள்ள ஆறே அமினோ அமிலங்கள் சர்4ஐப் பிடித்துக்கொள்கின்றன. டேனியல் வாய்டஸின் குழு இதை வைத்துச் செய்த சோதனைகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சர் புரதங்கள் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களுக்கு இடம்பெயரும் இனங்களில் டிஒய்5உம் அங்கே பின்தொடர்ந்தது. சர்4இன் ஒரு பகுதியை ஜீனோமில் வேறெங்காவது கட்டிவைத்தால் டிஒய்5 அங்கே போனது. அந்த ஆறு அமிலங்களை எடுத்துவிட்டு வேறொரு புரதத்தைப் பிடிக்கும் வரிசையை வைத்தால், அந்தப் புரதம் இருக்கும் இடத்துக்குப் போனது. பூட்டையும் சாவியையும் இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்தாயிற்று.

இவற்றில் 2007இல் வந்த முடிவுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. அந்த ஆறு அமிலங்களில் ஒரு செரின் இருக்கிறது. செல் அதில் பாஸ்பேட் ஏற்றினால்தான் சர்4ஐப் பிடிக்க முடியும். ஊட்டம் குறைந்து செல் தவிக்கும்போது இந்தப் பாஸ்பேட் குறைகிறது, பிடி தளர்கிறது, டிஒய்5 ஜீனோம் முழுக்கச் சிதறி விழுகிறது. நல்ல காலத்தில் யாருக்கும் தொல்லையில்லாத மூலைக்குப் போகும் துண்டு, கெட்ட காலத்தில் மரபணுக்களுக்குள் புகுந்து மாற்றங்களை உண்டாக்குகிறது. இடத் தேர்வு நிலையானதல்ல, செல்லின் நிலையோடு மாறக்கூடியது என்று இது காட்டுகிறது. செல் நெருக்கடியில் தவிக்கும்போது பரிணாமம் வேகமெடுக்குமா என்ற பெரிய கேள்விக்கு, கையில் பிடித்துச் சோதிக்கக்கூடிய ஒரு சிறு கைப்பிடி இங்கே கிடைக்கிறது.

சர்4 இன்றியமையாதது அல்ல. நீக்கினால் செல் வாழும். ஆனால் பால்வகை மறைப்பு கலைந்துவிடும், டிஒய்5 தாவும் அளவும் குறையும். ஆகவே முழுதாக நீக்குவதைவிட இன்டகிரேஸ் பக்கத்தில் ஒரே ஓர் அமிலத்தை மாற்றுவதே சுத்தமான அறுப்பு. செல்லைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு புதிய மாணவருக்கு நான் டிஒய்5ஐத் தயங்காமல் சொல்வேன்.

கொடுக்க வேண்டிய விலை மூன்று. டெலோமியர் அருகிலுள்ள வரிசைகள் பல குரோமோசோம்களில் ஒன்றுபோல் திரும்பத் திரும்ப வருபவை, எந்த முனை என்று சொல்வது கடினம். பின்வாசல் இங்கே மிக அகலம். டிஒய்5இன் படிகள் மறுசேர்க்கை மூலம் உள்ளே போவது மிக அதிகம் என்று 1997இலேயே தெரியும். மூன்றாவது, துண்டோடு போன அடையாள மரபணு இறுகிய குரோமாட்டினுக்குள் விழுந்தால் அதுவும் வாயடைத்துப் போகலாம். தட்டில் காலனி வராது, செருகலே நடக்கவில்லை என்று எண்ணிவிடுவீர்கள். ஏசி40 மாற்றிய இனத்தில் டிஒய்1 குரோமோசோம் முனைகளுக்குப் போகும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

## டிஎஃப்1

இது வேறு ஊர்க்காரன். பிளவு ஈஸ்டில், அதாவது சைசோசாக்கரோமைசிஸ் பாம்பேயில் வாழ்வது. அந்த ஜீனோமில் மூன்றே குரோமோசோம்கள். டிஎஃப்1 தேடிப் போவது புரதங்களுக்கான சாதாரண மரபணுக்களின் புரோமோட்டர்களை, குறிப்பாக அழுத்த நிலைகளில் விழித்தெழும் மரபணுக்களின் புரோமோட்டர்களை. புரதவரிசைக்குள் அரிதாகவே விழும், வாசலில் உட்கார்கிறது. ஹென்றி லெவினின் ஆய்வகம் 2010இல் 73,125 தனித்தனிச் செருகல்களை வரைபடமாக்கி இதைக் காட்டியது.

2015இல் இரண்டு ஆய்வுகள், சாப்1 என்ற டிஎன்ஏ பிடிக்கும் புரதம் இதில் மையமானது என்றன. ஆனால் எப்படி என்பதில் இரண்டும் ஒரே இடத்தில் அழுத்தம் கொடுக்கவில்லை. சாப்1 டிஎன்ஏ நகலெடுப்பைத் தடுத்து நிறுத்தும் புரதமும்கூட. அப்படி நின்றுபோன இடம்தான் டிஎஃப்1ஐ ஈர்க்கிறதா, சாப்1 புரதமே கைபிடித்து இழுக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைத் தீர்த்துவைக்க ஆசைப்படுபவர்களுக்கு நல்ல களம். தடையும் அங்கேயே இருக்கிறது: சாப்1 இல்லாமல் செல் வாழாது. வெப்பத்துக்கு உடையும் பிறழ்வுகளை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும், அவற்றில் தாவுதலே குறைந்துவிடுகிறது. டிஒய்1இல் கிடைத்த சுத்தமான அறுப்பு இங்கே கிடைக்காது.

வாசிப்பில் இது எல்லாவற்றையும்விட எளிது. வழக்கமான ஆய்வக இனத்தில் முழு நீள டிஎஃப்1 இல்லை. உறவான டிஎஃப்2 மட்டும் 13 படிகள் இருக்கின்றன. புரோமோட்டர் வரிசைகள் பெரும்பாலும் தனித்துவமானவை. துண்டின் முனையில் தற்செயல் எழுத்துகளை வரிசை எண் போலப் பொறித்து, ஒரே இடத்தில் தனித்தனியாக நடந்த செருகல்களைக்கூட எண்ணும் முறையும் இருக்கிறது. படி பெருக்கியபோது ஒன்று ஆயிரமானதா, உண்மையிலேயே ஆயிரம் முறை விழுந்ததா என்ற தொல்லை இதில் தீர்ந்துவிடுகிறது.

பிளவு ஈஸ்டைப் பழகாதவருக்கு ஒரு சொல்: இனங்கள், ஊட்டங்கள், அடையாள மரபணுக்கள் எல்லாமே புதிதாகக் கற்க வேண்டியவை. தயமின் நீக்கி எழுப்பும் புரோமோட்டர் வேலை செய்யத் தொடங்கவே பதினைந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும்.

## ஒரே பார்வையில்

| துண்டு | போகும் இடம் | பிடித்துக்கொள்ளும் புரதம் | சுத்தமாக அறுக்கும் வழி | அதிகம் வலிக்கும் செலவு |
|---|---|---|---|---|
| டிஒய்1 | டிஆர்என்ஏ மரபணுவின் மேற்பக்கம், சுமார் 1 கிலோ இணைக்குள் | ஏசி40 | பிளவு ஈஸ்டின் புரதத்தை மாற்றி வைத்தல் | பழைய படிகளின் குழப்பம் |
| டிஒய்3 | படியெடுப்புத் தொடங்கும் புள்ளி, 1–4 எழுத்து | டிஎஃப்3பி | சோதனைக்குழாயில் காரணியை விட்டுவிடுதல் | செல்லுக்குள் அறுக்க முடியாமை |
| டிஒய்5 | டெலோமியர், அடங்கிய பால்வகை இடங்கள் | சர்4 | இன்டகிரேஸில் ஓர் அமில மாற்றம் | மறுசேர்க்கைப் பின்வாசல் |
| டிஎஃப்1 | அழுத்த நிலை மரபணுக்களின் புரோமோட்டர் | சாப்1 (நேரடியாகப் பிடிக்கிறதா என்பது தீரவில்லை) | எளிய வழியில்லை | புதிய உயிரியை முழுதாகப் பழகுதல் |

## யாருக்கு எது

இரண்டு புரதங்கள் எப்படிக் கவ்விக்கொள்கின்றன, எந்த வரிசையில் சேர்கின்றன என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் டிஒய்3. புரதம் தூய்மைப்படுத்தும் வசதியும் பொறுமையும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் டிஒய்3 எடுப்பது, அதன் பலத்தை விட்டுவிட்டுப் பலவீனத்தை மட்டும் வாங்கிக்கொள்வதாகும்.

குரோமாட்டின் அமைப்பு செருகலை எப்படி வழிநடத்துகிறது, ஒரு ஜீனோம் நெடுங்காலத்தில் எப்படி உருமாறுகிறது என்று கேட்பவருக்கு டிஒய்1. வரிசைத் தரவுகளைக் கணினியில் அலசத் தெரிந்தவருக்கு இது மிகவும் பொருந்தும். இயற்கை இனங்களில் டிஒய்1 எச்சங்கள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்து, புதிய செருகல்களின் வரைபடத்தோடு ஒப்பிடலாம். முதலாவது காட்டுவது பிழைத்தவை, இரண்டாவது காட்டுவது விழுந்தவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இயற்கைத் தேர்வின் கையெழுத்து இருக்கும்.

செருகல் பக்கத்து மரபணுவை என்ன செய்கிறது, சூழலுக்கு ஏற்ப மாற அது உதவுகிறதா என்பது கேள்வி என்றால் டிஎஃப்1. மற்ற மூன்றும் புரதத்துக்கான மரபணுக்களைத் தவிர்க்க முயல்பவை; இது ஒன்றுதான் அவற்றின் வாசலையே தேடி வருகிறது.

ஓர் ஆண்டு, சிறு ஆய்வகம், ஈஸ்ட் வளர்க்கும் அடிப்படை வசதி மட்டும் என்றால் டிஒய்5. ஓர் அமிலத்தை மாற்று, இடம் மாறுகிறதா பார், ஊட்டத்தைக் குறை, மறுபடி பார். கேள்வியும் சோதனையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன. மறுசேர்க்கையைக் கட்டுப்படுத்த, அதற்கு வேண்டிய ராட்52 மரபணுவை நீக்கிய இனத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டை ஒன்றாக எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். டிஒய்1உம் டிஒய்3உம் ஒரே டிஆர்என்ஏ மரபணுக்களுக்குப் போவதால் ஒப்பிடத் தூண்டும். நேரம் இருந்தால் சரி. ஆனால் வெப்பநிலை, எழுப்பும் முறை, தாவும் அளவு எல்லாம் வேறுபடுவதால், முதல் ஆண்டில் இரண்டையும் தொடுபவர் ஒன்றையும் முடிக்காமல் நிற்கக்கூடும். டிஒய்1இன் பிடிக்கும் வரிசையை டிஒய்5இல் வைத்த கலப்புத் துண்டு இதற்கு நல்ல மாற்று. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, பிடி மட்டும் வேறுபடும்.

எதை எடுத்தாலும், முதல் வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே. உங்கள் துண்டின் இன்டகிரேஸை ஒரு பிறழ்வால் செயலிழக்கச் செய்து, முழுத் துண்டோடு அருகருகே ஓடவிடுங்கள். செயலிழந்த பக்கத்துத் தட்டில் வளரும் காலனிகள் எல்லாம் பின்வாசல் வழியாக வந்தவை. அந்த எண்ணிக்கை, முழுத் துண்டின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கா, பாதியா என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் வரிசைப்படுத்த அனுப்பாதீர்கள். இனத்தை மாற்றுங்கள், அல்லது துண்டையே மாற்றுங்கள்.